ஐஸ் வைத்த இரண்டு நிமிடம்

என் நம்பர் அறுபத்தெட்டு.
"பதினொண்டரைக்குப் பிறகுதான் அண்ணை" என்றான்
துண்டு கொடுத்த பெடியன்.
கிளினிக் பன்னிரண்டுக்கு முடியும்.
கொட்பே ஐஸ் ஆலையில் பதினெட்டு வருஷம்
கட்டி எண்ணிக் கொடுக்கிறவன் நான், கணக்குத் தெரியும்:
ஆளுக்கு மூன்று நிமிடம்,
அதில் செருப்புத் தேட அரை.

வாசல் மரத்தடியில் புள்ளிமான் ஒன்று
நேற்றைய நம்பர்த் துண்டுகளை மென்றுகொண்டிருந்தது.
அதற்கு மெல்ல ஏலும்.

சட்டைப்பையில் மகளின் பழைய கணக்குக் கொப்பி.
முதல் பக்கம் முழுக்க போனில் தேடியவை.
மூளையில் கட்டி. பாரிசவாதம். சீனி.
ரொஷாந்தி இங்கிலிசில் வாசித்தாள்,
நான் தமிழில் பயந்தேன்.
அவள் தூங்கியபின் தனியாகவும் தேடினேன்.
இரவு மூன்று மணிக்கும் விழித்திருக்கும் வைத்தியன் அது.
"அடுத்த ஆள்" என்று ஒருக்காலும் சொன்னதில்லை.
ஒருக்காலும்
என் முகத்தைப் பார்த்ததும் இல்லை.

"கூகிளா?" என்றார் டொக்டர் சிஃபானா.
கோபமில்லை, களைப்பு.
மேசையில் அவரது தேத்தண்ணி ஆடை கட்டிக் கிடந்தது.
"நோயிட பேர் வேணாம்.
உங்களுக்கு என்ன செய்யுது, அதச் சொல்லுங்க."

இடது இமை விழுகிறது என்று தொடங்கி
மூளைக்கட்டிக்கே போய் நின்றேன்.
ஒரு நிமிடம் கரைந்தது.
அவர் கொப்பியை வாங்கி
முதல் பக்கத்தைத் தாண்டி
ஐஸ் கணக்குக்குள் நான் கிறுக்கியிருந்ததை,
காட்ட நினைக்காததை, வாசித்தார்:

வியாழன். காலை, உள்துறைமுகத்தில் கப்பல் ஒன்று.
பின்னேரம் இரண்டு. விசாரித்தேன், வந்தது ஒன்றுதான்.
வெள்ளி. இறைச்சி மெல்ல ஏலவில்லை. பல்லில் பிழையில்லை.
ஞாயிறு. பின்னேரப் பூசையில் மெழுகுதிரி இரட்டை.
செவ்வாய். வெக்கை. ஐஸ் துண்டைக் கண்ணில் வைத்தேன்.
கொஞ்ச நேரம் கப்பல் ஒன்றாயிற்று.

பேனை நின்றது.
"இத ஏன் முதல்ல சொல்லல்ல?"
"அது நோயில்லையே டொக்டர்.
வேலை."

தடுப்பூசிப் பெட்டியிலிருந்து
கையுறைக்குள் போட்டு ஐஸ் வந்தது.
பதினெட்டு வருஷத்தில்
எனக்கு ஒருவர் ஐஸ் தருவது இதுதான் முதல்.
"ரெண்டு நிமிசம். பேசாம இருங்க."
கதவு தட்டுப்பட்டது. "பொறுங்க" என்றார்.
மூடிய இமைமேல் குளிர்
மெல்ல எலும்புக்கு இறங்கியது.
வெளியே அறுபத்தொன்பது இருமியது.
அவர் அந்த ஆறிய தேத்தண்ணியை
ஒரே மடக்கில் குடிக்கும் சத்தம்.
பிறகு, தானே சொன்னதை மறந்து,
"ஒரு கட்டி இப்ப என்ன விலை?"
சொன்னேன்.
"அவ்வளவா?" என்றார்.

திறக்கச் சொல்லி
என் போனையே வாங்கித் திருப்பிப் பிடித்தார்.
அதற்குள் என் முகம்.
இரண்டு கண்ணும் திறந்த, ஒன்றரை மாதத்துக்கு முந்திய முகம்.

நோயின் பேர் நீளம். கேட்டதும் தெரிந்தது,
போனில் கண்டிருந்தேன், அபூர்வம் என்று போட்டிருந்தது.
எனக்கு அபூர்வமாய் எது நடந்தது என்று
தாண்டிப் போயிருந்தேன்.

"இன்னும் உறுதியில்ல. ரத்தம் கொழும்புக்குப் போகோணும்.
மட்டக்களப்பில நரம்பு டொக்டருக்குக் கடிதம் தாறன்.
விழுங்க ஏலாட்டி, மூச்சு முட்டினா,
நம்பரப் பாக்காம ஓடி வாங்க.
கொப்பிய விட்றாதீங்க.
கப்பல எழுதுங்க."

ஒன்பது நிமிடம் எடுத்திருந்தேன்.
வெளியே அறுபத்தொன்பது என்னை முறைத்தது.
அதன் கையிலும்
வியர்வையில் நனைந்த, நாலாய் மடித்த கடதாசி.

பின்னேரம் கடற்கரை வீதியில் நின்று எழுதினேன்:
கப்பல் இரண்டு.
ஒரு கண்ணைப் பொத்தினால் ஒன்று.
மருந்து இன்னும் தொடங்கவில்லை.